இ.எஸ்.சி.க்கு ஓர் அலுமினியக் கூடு: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் 1/10 அளவு பக்கி வகை மாதிரிக் கார் ஒன்றின் இ.எஸ்.சி.க்காக, அதாவது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்காக, நானே வரைந்து கோயம்புத்தூரில் ஒரு சிறிய சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும்) பட்டறையில் வெட்டி வாங்கிய அலுமினியக் கூட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. கூட்டின் வரைவு, அதை வெட்டித் தந்த பட்டறையின் வேலை, வண்டியில் அது நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தாலும், ஐந்து மாதங்கள் பொறுத்திருந்துதான் எழுதுகிறேன். வெப்பத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பையும் ஒரு கோடையாவது கடந்து சொல்வதே முறை.

என் இ.எஸ்.சி. 60 ஆம்பியர் என்று அச்சிடப்பட்ட, சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் (கார்பன் தூரிகை இல்லாத) மோட்டாருக்கான நடுத்தர விலைக் கருவி. காலையிலும் மாலையிலும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய அது, ஏப்ரல் மாதத்து நண்பகலில், நிழலிலேயே வெப்பநிலை 38 டிகிரியைத் தொட்ட நாட்களில், ஏழாவது எட்டாவது நிமிடத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. உள்வெப்பம் 105 டிகிரியை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது தன் கடமையைத்தான் செய்தது. ஆனால் கைக்குத் தென்பட்ட சூடு அந்த அளவுக்கு இல்லை. மேலே இருந்த, வெப்பத்தைக் காற்றில் விடும் தகடுகளான சிறு அலுமினியத் துடுப்புகளை நான் ஓரிரு விநாடி விரலால் தொட முடிந்தது. உள்ளே 105 டிகிரி, வெளியே தொடக்கூடிய சூடு என்றால், இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று வெப்பத்தை வழிமறித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த முயற்சி முழுவதும் அந்த ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்தது.

ஆலைக் கூட்டின், அதாவது கருவியோடு வந்த கூட்டின், நான்கு திருகுகளைக் கழற்றியதும் விடை கிடைத்தது. மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகள் பன்னிரண்டு, பவர் போர்டின் மேற்புறத்தில் இரு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலமும் 6 மி.மீ. நீளமும் உள்ள சிறு கறுப்புச் சில்லு. அவற்றின் தலைக்கும் அலுமினியத் துண்டின் அடிப்பரப்புக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில், அழிப்பான் போல மெத்தென்று, வெப்பத்தைக் கடத்துவதற்காக வைக்கும் ஒரு தெர்மல் பேட் இருந்தது; காலிபர் என்னும் நுண் அளவுகோலில் அளந்தால் 1.5 மி.மீ. தடிமன். அலுமினியத் துண்டின் அடிப்பரப்பும் அரத்தால் தேய்த்தது போலக் கரடாக இருந்தது.

இந்தப் பேட்டின் விளைவைக் கணக்கிடுவது எளிது. தடிமனை, பேட்டின் வெப்பக் கடத்துதிறனாலும் வெப்பம் கடக்கும் பரப்பாலும் வகுத்தால் அதன் தடை கிடைக்கும். பன்னிரண்டு சில்லுகளின் மொத்தப் பரப்பு 360 சதுர மி.மீ.; மலிவான பேட்டின் கடத்துதிறனை மீட்டருக்கு, டிகிரிக்கு 1 வாட் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் ஏறத்தாழ 4.2 டிகிரி இந்தப் பேட்டிலேயே தங்கிவிடுகிறது. இனி எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். மோட்டார்ச் சுருளில் ஓடும் மின்னோட்டம், முழு வேகத்துக்குக் கீழே ஓட்டும்போது பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதை 40 ஆம்பியர் என்றும், மின்சாரம் கடக்கும் பாதையின் தடையை 2 மில்லி ஓம் என்றும் கொண்டால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி 3.2 வாட் வருகிறது. கிளம்பும் நொடியில் மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். அதோடு திறந்து மூடும் இழப்பும் சேரும். எல்லாம் சேர்த்துச் சராசரியாக 8 வாட் என்று வைத்துக்கொண்டேன். கைக்கணக்குதான்; ஆயினும் பேட்டில் மட்டும் 33 டிகிரி தேங்குகிறது என்று அது சொன்னபோது, துடுப்புகளை எவ்வளவு உயரமாக்கினாலும் இந்த 33 டிகிரி அப்படியே இருக்கும் என்பது விளங்கிவிட்டது.

இணையத்தில் கிடைக்கும் ஒட்டுத் துடுப்புகளையும் இரட்டை மின்விசிறிகளையும் வாங்கிப் பூட்டியவர்களுக்கு ஏன் சிறு பலன் மட்டுமே கிடைக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். அவை வெளிப்புறத்தைக் குளிர்விக்கின்றன. நோய் உட்புறத்தில் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் வரைவைத் தீர்மானித்தது. இவ்வகை மாஸ்ஃபெட்டுகளின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பட்டை அவற்றின் அடியில் இருக்கிறது. போர்டின் செம்போடு ஈயம் வைத்து இணைக்கப்படுவது அந்தப் பக்கமே. மேற்புறம் வெறும் வார்ப்புப் பிளாஸ்டிக். தரவுத்தாள்களைப் பார்த்தால், மேல்வழியாக வெளியேற வெப்பம் சந்திக்கும் தடை கீழ்வழித் தடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். அப்படியிருக்க, ஆலைக் கூட்டில் வெப்பம் மேல்வழியாக மட்டுமே வெளியேற்றப்படுகிறது. போர்டின் அடிப்புறத்துக்கும் பிளாஸ்டிக் தரைக்கும் நடுவே 3 மி.மீ. காற்று சும்மா கிடக்கிறது. காற்றின் கடத்துதிறன் 0.026 வாட் மட்டுமே; போர்வை போர்த்தியது போலத்தான். நல்வாய்ப்பாக, என் கருவியில் கட்டுப்பாட்டுப் போர்டு பவர் போர்டுக்கு அடியில் இல்லாமல் ரிசீவர் கம்பி வரும் ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே அடிப்புறம் முழுதும் எனக்குக் கிடைத்தது. மேலும் கீழும் அலுமினியம், நடுவில் சாண்ட்விச் போல போர்டு, இரு பக்கமும் மெல்லிய பேட் என்ற வடிவம் அப்போதே மனத்தில் உறுதிப்பட்டது.

வரைவதற்குமுன் அளப்பதற்கே இரண்டு மாலைகள் ஆயின. போர்டின் வெளிவிளிம்பையும் திருகுத் துளைகளையும் எடுக்க, அலுவலகங்களில் இருக்கும் சாதாரண ஸ்கேனரில் போர்டைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை வரைவு மென்பொருளில் அளவுக்குப் பொருத்தினேன். கேமராவால் எடுக்கும் படத்தில் விளிம்புகள் வளைந்து தெரியும். ஸ்கேனரில் அந்தக் கோளாறு மிகக் குறைவு. உயரங்களை மட்டும் காலிபரால் ஒவ்வொன்றாக அளந்தேன். பன்னிரண்டு மாஸ்ஃபெட்டுகளும் ஒரே வகை என்றாலும், அடியில் உள்ள ஈயத்தின் கனம் ஒன்றுபோல் இராததால், தலைகளின் உயரம் 0.1 மி.மீ. வரை மாறியது. இந்த 0.1 மி.மீ. தான் பேட்டின் தடிமனை முடிவுசெய்கிறது. மேற்பரப்புகள் எல்லாம் துல்லியமாக ஒரே தளத்தில் இருந்தால் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டே போதும், இல்லாததால் 0.5 மி.மீ. பேட் தேவைப்பட்டது. அது ஐந்தில் ஒரு பங்கு நசுங்கட்டும் என்று 0.4 மி.மீ. இடைவெளி விட்டு, மூடியின் உட்புறத்தில் இரு வரிசை மாஸ்ஃபெட்டுகளுக்கும் இரு நீண்ட மேடைகளை வரைந்தேன். கடத்துதிறன் 6 வாட் உள்ள பேட்டை இந்த அளவுக்கு நசுக்கினால் தடை வாட்டுக்கு 0.2 டிகிரிக்கும் கீழே வந்துவிடுகிறது, 4.2 டிகிரி இருந்த இடம் அது.

உலோகம் எதுவென்பதில் எனக்கு நீண்ட குழப்பம் இருந்ததில்லை. 6061 டி6 என்ற அலுமினியக் கலவையின் கடத்துதிறன் 167 வாட். செம்பின் கடத்துதிறன் 390க்கும் மேல். செம்பு சிறந்ததுதானே என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆனால் 3 மி.மீ. கனமான அலுமினியத் தரையை 8 வாட் வெப்பம் கடக்கும்போது ஏற்படும் இழப்பு அரை டிகிரிகூட இல்லை. அந்த அரை டிகிரியைக் காப்பாற்ற எடையை மூன்று மடங்குக்கும் மேல் கூட்டுவது ஓடும் வண்டிக்கு அடுக்காது. மேலும் 6061 வெட்டுவதற்கு இணங்கும் உலோகம். எந்தப் பட்டறையிலும் அதன் துண்டுகள் கிடக்கும்.

வரைந்த முதல் வடிவத்தை 3டி அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்துப் பூட்டிப் பார்த்தேன். இதைச் செய்யாமல் நேராக உலோகத்துக்குப் போயிருந்தால் இரண்டு தவறுகளோடு கூடு வந்திருக்கும். தடித்த சிலிக்கான் கம்பிகள் வெளியே வரும் வாயில் ஈயக் குமிழுக்கு இடமில்லாமல் இருந்தது ஒன்று. 30 மி.மீ. மின்விசிறியின் திருகுத் துளைகள் 24 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், அவை 1.5 மி.மீ. மெல்லிய துடுப்பின் தலையில் வந்து விழுந்தன என்பது மற்றொன்று. அங்கே எம் 3 (3 மி.மீ. திருகுக்கான) மரை வெட்ட இடமேது? நான்கு மூலைகளிலும் தனித் தூண்களை விட்டு வரைவைத் திருத்தினேன். பி.எல்.ஏ. 60 டிகிரி அளவிலேயே இளகிவிடும் என்பதால் அந்த மாதிரியை வைத்து வண்டியை ஓட்டவில்லை. பொருத்தம் பார்க்க மட்டுமே அது.

இனிப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்புசெட்டு உதிரிகளையும் நூற்பாலை உதிரிகளையும் ஜாப் ஒர்க்காக வெட்டித் தரும் இடம் அது. மூன்று அச்சு வி.எம்.சி. (சுழலும் கட்டரால் வெட்டும் கணினி இயந்திரம்) இரண்டு, ஒரு சி.என்.சி. லேத் (கடைசல் இயந்திரம்). இரண்டே செட் கூடுகள் கேட்டு வரும் பொழுதுபோக்குக்காரனை அங்கே உட்கார வைத்துப் பேசியதே எனக்குப் பெரிதாகப்பட்டது. நான் கொண்டுபோன வரைபடத்தில் துடுப்புகளுக்கு நடுவே 1.5 மி.மீ. இடைவெளியும் 12 மி.மீ. உயரமும் இருந்தன. உரிமையாளர் அதைத் திரையில் சுழற்றிப் பார்த்துவிட்டு, “ஒண்ணரை எம்.எம். கட்டர் பன்னண்டு எம்.எம். ஆழம் போகாதுங்க சார், உடைஞ்சிரும், ரெண்டரைன்னா எட்டு வரைக்கும் தைரியமா வெட்டித் தரலாமுங்க” என்றார். கட்டரின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு ஆழம் கேட்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று நான்கு மடங்குக்குள் நிற்பதே வழக்கம். ஆகவே 2.5 மி.மீ. இடைவெளி, 8 மி.மீ. உயரம், ஒன்பது துடுப்புகள் என்று மாற்றினோம்.

இந்த மாற்றம் எனக்கு நட்டமன்று என்பதைப் பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். காற்று தானாக மேலெழுந்து குளிர்விக்கும் இடத்தில் துடுப்புகளை நெருக்கமாக வைத்தால் அவற்றின் நடுவே காற்று மூச்சுத் திணறும். மின்விசிறி இருந்தால் நெருக்கலாம், ஆனால் சிறு மின்விசிறிக்கு அழுத்தம் குறைவு என்பதால் 1.5 மி.மீ. சந்துகளில் அதன் காற்று இறங்காமல் மேலேயே சிதறிப் போயிருக்கும். பட்டறைக்காரர் கட்டரைக் காப்பாற்றச் சொன்ன அளவு, காற்றுக்கும் ஏற்ற அளவாக அமைந்தது.

அவர் சுட்டிக்காட்டிய மற்றொன்று உள் மூலைகள். சுழலும் கட்டரால் சதுர உள் மூலையை வெட்ட முடியாது. கட்டரின் ஆரம் அங்கே தங்கிவிடும். 4 மி.மீ. கட்டர் என்றால் 2 மி.மீ. ஆரம். போர்டின் மூலைகளோ கூர்மையானவை. அப்படியே விட்டால் போர்டு அந்த வளைவில் ஏறி நின்று ஒருக்களித்துக்கொள்ளும். நான்கு மூலைகளிலும் சிறு குழிவை வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டி இதைத் தீர்த்தார்கள். மூடிக்கு இரண்டு செட்டிங் (துண்டை இயந்திரத்தில் புதிதாகப் பிடித்துவைப்பது), அடித்தட்டுக்கு ஒன்று என்று வேலையை அடக்கும்படி சில துளைகளின் திசையையும் மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு செட்டிங்கும் பணம் என்பதால் இது என் பையைக் காத்த ஆலோசனை.

வேலையில் குறையே இல்லையா என்றால், இரண்டு இருந்தன. வாங்கி வந்த முதல் மூடியின் மேடைகளைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்துப் பார்த்தபோது நடுவில் ஒளி கசிந்தது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் 0.08 மி.மீ. காட்டியது. மெல்லிய சுவருள்ள துண்டை வைஸில் (பிடிகருவியில்) இறுக்கிப் பிடித்து வெட்டினால், வெட்டும்போது தட்டையாக இருக்கும் பரப்பு, வைஸைத் தளர்த்தியதும் விரிந்து வில்லாகிவிடும். பம்பு உதிரியில் 0.08 மி.மீ. ஒன்றும் பெரிதன்று, 0.4 மி.மீ. இடைவெளியில் பேட்டை நசுக்க வேண்டிய இடத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. திரும்பக் கொண்டுபோனபோது மறுப்பேதும் சொல்லாமல், இரண்டாவது மூடியை இளக்கமான பிடியில் கடைசி வெட்டு வெட்டியும், முதலாவதை மிகத் தட்டையான சர்ஃபேஸ் பிளேட்டில் எமரி தாள் வைத்துத் தேய்த்தும் சரிசெய்தார்கள். வரைபடத்தில் தட்டைத்தன்மைக்கான அளவை நான் குறிப்பிட்டிருந்தால் இது நேர்ந்திராது. எனவே இதில் பாதிப் பொறுப்பு என்னுடையது.

இரண்டாவது குறை அனோடைசிங்கில், அதாவது அமில நீரில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூச்சை வளர்க்கும் வேலையில். பட்டறை அதை வெளியே கொடுத்துத்தான் செய்து தருகிறது. அமில நீர் எம் 2 மரைத் துளைகளில் தங்கி, பிறகு மெல்லக் கசிந்து, துளைகளைச் சுற்றி வெண் கறையை விட்டிருந்தது. பூச்சின் கனத்தால் மரைகளும் இறுகியிருந்தன. மரை வெட்டும் டேப்பை மீண்டும் ஒருமுறை ஓட்டிச் சரிப்படுத்திக்கொண்டேன். பார்வைக்குக் கறை இன்னும் தெரிகிறது. இவ்வளவு சிறிய துளைகளை அனோடைசிங்குக்குமுன் அடைத்துவிடச் சொல்ல வேண்டும் என்று அடுத்து எவரேனும் செய்வதானால் குறித்துக்கொள்ளலாம்.

கறுப்பு நிறத்தைப் பற்றி ஒரு சொல். கறுப்பு அனோடைசிங் கூடுதலாகக் குளிர்விக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. வெற்று அலுமினியம் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வீசும் என்பதும், அனோடைஸ் செய்தால் அது பல மடங்கு கூடும் என்பதும் உண்மை. ஆனால் நிறமில்லாத அனோடைசிங்கும் ஏறத்தாழ அதே அளவு வீசும். கண்ணுக்குத் தெரியும் நிறம் வேறு, வெப்பக் கதிர் வேறு. அதிலும் மின்விசிறி ஓடும்போது கதிரின் பங்கு மிகச் சிறியது. அழகுக்காகக் கறுப்பு என்றால் தாராளமாகச் செய்யலாம்; குளிர்ச்சிக்காக என்று கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றி இதைவிட அழுத்தமாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் பிளாஸ்டிக் கூட்டில் இல்லாத ஓர் ஆபத்து அலுமினியக் கூட்டில் இருக்கிறது. போர்டின் அடிப்புறத்துச் செம்புத் தளங்கள் வெவ்வேறு மின்னழுத்தத்தில் உயிரோட்டத்தோடு இருப்பவை. ஈயக் கூர் ஒன்று பேட்டைத் துளைத்து அலுமினியத்தைத் தொட்டு, மற்றொரு கூரும் தொட்டுவிட்டால், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தன் முழு மின்னோட்டத்தையும் அந்தப் பாதையில் கொட்டிவிடும். 7.4 வோல்ட்தானே என்று எண்ணக் கூடாது. கம்பியை உருக்கவும் பேட்டரியைத் தீப்பிடிக்க வைக்கவும் அது போதும். அனோடைசிங் மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் அதை மட்டும் காப்பாக நம்பவே கூடாது. ஒரு கீறலில் அது போய்விடும். அடிப்புறத்து ஈயக் கூர்களை எல்லாம் வெட்டித் தேய்த்துச் சமப்படுத்தி, உயர்ந்து நின்ற இடங்களில் அடித்தட்டில் குழிவு வெட்டி, அந்தக் குழிவுகளில் சூடு தாங்கும் மின்காப்பு நாடாவான காப்டான் நாடாவும் ஒட்டினேன். மூடியபின் மல்டிமீட்டரை வைத்துப் பேட்டரி முனைகளுக்கும் கூட்டுக்கும், மூன்று மோட்டார்க் கம்பிகளுக்கும் கூட்டுக்கும் இடையே இணைப்பில்லை என்று உறுதிசெய்த பிறகே பேட்டரியைச் செருகினேன். திருகுகளின் நீளத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்; 2 மி.மீ. நீண்ட திருகு போர்டைத் தொட்டுவிடும்.

கூட்டுக்கு வெளியே இருக்கும் மின்தேக்கிகளைக் கூட்டுக்குள் கொண்டுவரும் ஆசையும் ஒரு கட்டத்தில் இருந்தது; பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். விட்டுவிட்டேன். அந்த உருளை மின்தேக்கிகள் சூட்டில் விரைவாக மூப்படைபவை. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சூட்டை உள்ளிருந்து இழுத்து வெளிச்சுவருக்குக் கொண்டுவந்த பிறகு, அந்தச் சுவரின் மேலேயே அவற்றைச் சாய்த்துவைப்பது பொருந்தாது. 10 மி.மீ. தள்ளி, காற்றோட்டத்தில் நிற்கின்றன.

சோதனையைக் கூடியவரை ஒழுங்காகச் செய்தேன். ஒரே செம்மண் மைதானம், ஒரே 2 செல் 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, ஒரே பல்சக்கரம், எட்டு நிமிட ஓட்டம், காற்றின் வெப்பநிலை 34 டிகிரி. வெளிவெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும்: வெற்று அலுமினியத்தை அது மிகக் குறைத்துக் காட்டும். ஆலைத் துடுப்பிலும் புதிய கூட்டிலும் ஒரே கறுப்பு மின்நாடாத் துண்டை ஒட்டி, அதன் மேல்தான் அளந்தேன். உள்வெப்பத்தை இ.எஸ்.சி.யே பதிவு செய்து வைக்கிறது. அதன் அமைப்புகளை மாற்றும் நிரலிடும் பெட்டியைச் செருகினால் கடைசி ஓட்டத்தின் உச்ச வெப்பநிலையைப் படிக்கலாம்.

ஆலைக் கூட்டில் உள்ளே 101 டிகிரி, வெளியே 62. புதிய கூட்டில், அதே மின்விசிறியோடு, உள்ளே 64, வெளியே 52. வெளியே குறைந்தது 10 டிகிரிதான். வெளிப்புறத்தை மட்டும் அளப்பவர் இவ்வளவு செலவுக்கு இதுவா பலன் என்று கேட்டிருப்பார். ஆனால் உள்ளே குறைந்திருப்பது 37 டிகிரி. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 39 டிகிரியாக இருந்த வேறுபாடு 12 ஆகச் சுருங்கிவிட்டது. குறைந்த 37 டிகிரியில் துடுப்புகளும் பெரிய பரப்பும் சம்பாதித்துத் தந்தது 10. மீதி 27 டிகிரியும் மெல்லிய பேட், தட்டையான மேடை, அடிப்புறத்துப் புதிய வழி ஆகியவற்றின் சம்பாத்தியம். மின்விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டியபோதும் உள்ளே 81 டிகிரியோடு நின்றது. மின்விசிறி சுழன்ற ஆலைக் கூட்டைவிட அது 20 டிகிரி குறைவு. கூடு சூடாக இருந்தால் ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புத் துண்டு) சரியில்லை என்று நினைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உள்ளே வெந்துகொண்டிருக்க வெளியே குளிர்ந்து கிடக்கும் கூடுதான் உண்மையில் கவலைக்குரியது.

எடை கூடியிருக்கிறது. ஆலைக் கூடும் சிறு துடுப்பும் சேர்ந்து 24 கிராம், புதியது 58. பக்கியின் சேஸிஸில் இ.எஸ்.சி. பேட்டரிக்கு எதிர்ப்பக்கம் தாழ்வாக இருப்பதால் இந்த 34 கிராம் எனக்குச் சமநிலையைச் சற்றுத் திருத்தவே செய்தது. 1/12 அளவு வண்டிகளில் போட்டிக்கு ஓட்டுபவருக்கு இது ஏற்காது. அகலத்திலும் உயரத்திலும் ஆலைக் கூட்டை ஒட்டியே 36, 26 மி.மீ. என்று வைத்துக்கொண்டதால் சேஸிஸில் எதையும் நகர்த்த நேரவில்லை. சேஸிஸில் ஒட்டும் இரட்டைப்பக்க நாடா மட்டும் சிக்கல் தந்தது. அடித்தட்டும் இப்போது சூடாவதால், பழைய பஞ்சு நாடாவின் பசை இரண்டே வாரத்தில் இளகி, ஒரு குதியில் கூடு பெயர்ந்து தொங்கியது. இப்போது அடித்தட்டில் இரு காதுகள் வைத்துத் திருகிப் பிணைத்திருக்கிறேன்.

தூசியைப் பொறுத்தவரை 2.5 மி.மீ. சந்துகள் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. செம்மண் படிந்தாலும் வண்ணத் தூரிகையால் ஒரு முறை வருடினால் போய்விடுகிறது. நீரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. கம்பி வாய்களைச் சிலிக்கானால் அடைத்திருந்தாலும் இரு பாதிகளின் விளிம்பில் ரப்பர் வளையத்துக்கு நான் இடம் வைக்கவில்லை. மழைநீரில் ஓட்டுபவர்கள் இந்த வரைவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

செலவு: இரண்டு செட்டுக்கு உலோகம், புரோகிராம், வெட்டுக் கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய், அனோடைசிங் 600, நல்ல பேட் 900. ஒரு செட்டுக்கு 3,350 ரூபாய் ஆகிறது. நடுத்தர விலை இ.எஸ்.சி. ஒன்றின் விலையை இது நெருங்குகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. வெப்பம் ஒன்றே உங்கள் குறை, நேரமும் ஆர்வமும் இல்லை என்றால், அடுத்த பெரிய ஆம்பியர் அளவுள்ள இ.எஸ்.சி.யை வாங்கிவிடுவதே சிக்கனம். அதில் மாஸ்ஃபெட்டுகளின் தடை குறைவாக இருக்கும் என்பதால் வெப்பம் பிறப்பதே குறையும். அதற்கும் மனமில்லையென்றால், ஆலைக் கூட்டையே திறந்து, அலுமினியத் துண்டின் அடிப்பரப்பைக் கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துத் தட்டையாக்கி, இடைவெளியை அளந்து, அதற்கேற்ற நல்ல பேட்டைப் போடுங்கள். துண்டைச் சற்று இறக்கிப் பூட்ட வழியிருந்தால் மெல்லிய பேட்டும் போடலாம். ஆயிரம் ரூபாய்க்குள் பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்பது என் துணிபு. முழுக் கூட்டையும் வெட்டி வாங்குவது, வெயில் நேரத்தில் ஓயாமல் ஓட்டுபவர்களுக்கும், அளந்து வரைந்து செய்வதிலேயே நிறைவு காண்பவர்களுக்கும் உரியது. நான் இரண்டிலும் சேர்ந்தவன்.

இ.எஸ்.சி. நிற்காமல் ஓடத் தொடங்கியதும் சூட்டின் முறை மோட்டாருக்கு வந்தது. முன்பு எட்டாவது நிமிடத்தில் இ.எஸ்.சி. வண்டியை நிறுத்தி மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது போலும். இப்போது பேட்டரி தீரும்வரை ஓடுவதால் மோட்டாரின் உடல் 90 டிகிரியைக் கடந்தது. மோட்டாரின் பல்சக்கரமான பினியனில் ஒரு பல் குறைத்த பிறகுதான் அடங்கியது.

சென்ற வாரம் கூட்டைத் திறந்து பார்த்தேன். மேல் பேட்டில் பன்னிரண்டு மாஸ்ஃபெட்டுகளின் தடமும் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. பதினொன்று ஒரே ஆழத்தில் தெளிவாக இருக்க, கம்பி வாய்க்கு அருகில் உள்ள மூலைச் சில்லின் தடம் மட்டும் மங்கலாக இருந்தது. அங்கே திருகு தொலைவில் இருப்பதால் மூடி சற்று எழும்பி நிற்கிறது. அந்த மூலையில் எம் 2 திருகு ஒன்றைக் கூட்டி, மேடையை அவ்விடத்தில் 0.05 மி.மீ. உயர்த்தி, மேடைகளுக்கு 0.03 மி.மீ. தட்டைத்தன்மை என்று குறிப்பும் எழுதி, திருத்திய வரைபடத்தை அதே பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன்.